தெருவை அடைக்கும் முன் குடியிருப்பவரிடம் யார் சொல்ல வேண்டும்?

சென்னை வேளச்சேரியில் இருபதடிக் குறுக்குத் தெரு ஒன்றில் குடியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குத் தெருவின் இரு முனைகளிலும் பேரிகேடு வைத்து, பாதாளச் சாக்கடைக் குழாய் மாற்றுகிறோம் என்று சொல்லி வழியை அடைத்திருக்கிறார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய உங்கள் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நீங்களும் பக்கத்து வீட்டுக்காரருமாகத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள். நான்கு நாள்களாகத் தெருமுனையில் குழாய்கள் இறக்கிவைக்கப்பட்டிருந்தன என்றும், ஆனால் ஒருவரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இப்படி அடைப்பதற்கு முன் குடியிருப்பவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்பது உங்கள் கேள்வியின் வடிவம். அதற்குள் இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: இது முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடிய விஷயம்தானா, தெரிந்திருந்தது என்றால் உங்கள் வாசலுக்கு வந்து சொல்லும் கடமை யாருடையது என்பதே அது. கட்டடவியல் பொறியியல் படித்துவிட்டு, தமிழ்நாட்டின் ஒரு மாநகரில் குடிநீர், கழிவுநீர்க் குழாய்ப் பணிகளில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். ஆகவே சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது அதன் வாசகம் என்ன சொல்கிறது என்பதோடு நின்றுகொள்கிறேன், நீதிமன்றத்தில் அது எப்படி நிற்கும் என்று உறுதி கூற மாட்டேன்.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது அவசரப் பணியையும் திட்டமிட்ட பணியையும். கழிவுநீர்க் குழாய் உள்ளிருந்து அரிக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத வேலை. தேங்கும் கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும்பி, குழாயின் மேல்வளைவில் படிந்து, அங்கே வாழும் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறி, சிமென்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அடிப்பாகம் நன்றாக இருக்கும்போதே தலைப்பாகம் இடிந்துவிழும். மேலே இருக்கும் மண் குழாய்க்குள் இறங்கும். ஒரு நாள் காலையில் சாலை உள்வாங்கியிருக்கும். அப்படி நேரும்போது யாரும் யாருக்கும் முன்னறிவிப்புக் கொடுக்க முடியாது. 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில், கீழே மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில் சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த நேரத்தில் செய்யக்கூடியதெல்லாம் உடனே அடைப்பது, உடனே மாற்றுப்பாதை சொல்வது, அவ்வளவுதான். குடிநீர் மெயின் உடைந்து தண்ணீர் பீறிட்டு அடிக்கும்போதும், மின்சாரக் கேபிள் பழுதாகி ஒரு பகுதியே இருளில் கிடக்கும்போதும் நிலைமை இதுதான். இந்த வகையில் முன்னறிவிப்பு எங்கே என்று கேட்பது நியாயமாகாது.

உங்கள் தெருவில் நடந்தது இந்த வகை அல்ல என்பதற்கு நீங்களே சான்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு நாள்களுக்கு முன்பே குழாய் வந்து இறங்கியிருக்கிறது. குழாய் தானாக வந்து இறங்குவதில்லை. அதற்கு முன் அளவெடுத்திருப்பார்கள். தெருவின் மேன்ஹோல்களைத் திறந்து ஆழம் பார்த்திருப்பார்கள். மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்தப்புள்ளி முடிந்து, பணி ஆணை வழங்கப்பட்டிருக்கும். சாலையை வெட்டுவதற்கு மாநகராட்சியிடம் விண்ணப்பித்து, நாங்கள் எல்லோரும் ‘ரோடு கட்’ என்று சொல்லும் அனுமதியைச் சீரமைப்புக் கட்டணம் கட்டி வாங்கியிருப்பார்கள். இந்த வரிசையில் எதுவும் ஒரே நாளில் நடப்பதில்லை. விதிவிலக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அருகில் வேறொரு தெருவில் வேலை நடந்துகொண்டிருந்து, அங்கே போட வேண்டிய குழாயை இடம் கிடைத்த உங்கள் முனையில் இறக்கியிருக்கலாம்; பிறகு உங்கள் தெருவில் திடீரென்று உடைப்பு ஏற்பட்டிருக்கலாம். அப்படி நடப்பதுண்டு, ஆனால் அரிது. பெரும்பாலும் குழாய் கிடக்கும் தெருவில்தான் குழாய் புதைக்கப்படும்.

வேலை திட்டமிட்டதுதான், ஆனால் தெருவையே அடைக்க வேண்டிவரும் என்பது அன்று காலையில்தான் தெரிந்தது என்று உங்களிடம் யாராவது சொன்னால் அதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இது சிறிய கணக்கு. இருபதடித் தெரு என்றால் ஆறு மீட்டர். மூன்று மீட்டர் ஆழத்தில் கழிவுநீர்க் குழாய் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண் சரியாமல் இருக்கப் பலகை அடித்து முட்டுக் கொடுத்தால் பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 1.2 மீட்டர் வேண்டும். ஜேசிபி அந்தப் பள்ளத்தின் நேர்கோட்டில் நின்று பின்னோக்கி நகர்ந்தபடியே தோண்டும்; அதன் உடல் அகலமே இரண்டே கால் மீட்டருக்குக் குறையாது. அள்ளிய மண்ணைப் பக்கத்தில் குவித்தால் இரண்டு மீட்டர், லாரியில் ஏற்றினால் லாரி நிற்க இரண்டரை மீட்டர். தோண்டிய மண் கிடந்த இடத்தைவிட அதிக இடம் பிடிக்கும் என்பது மண்வெட்டி பிடித்த எவருக்கும் தெரியும். பள்ளம் ஜேசிபியின் அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடும்; ஆகவே ஜேசிபியையும், மண் அல்லது லாரி பிடிக்கும் இடத்தையும் கூட்டிக் கழித்தால் எஞ்சுவது ஒன்றேகால் மீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றேமுக்கால். அதற்குள் வாசற்படிகளும், சாய்தளங்களும், நிறுத்திவைத்த இருசக்கர வாகனங்களும் இருக்கும். ஆள் நடக்கலாம், ஆட்டோகூடப் போக முடியாது. தெருவின் அகலத்தையும் குழாயின் ஆழத்தையும் தாளில் எழுதிய அன்றே இந்தத் தெரு அடைபடும் என்று பொறியாளருக்குத் தெரியும். மதிப்பீடு போடும் மேசையிலேயே பிறந்துவிட்ட தகவல் அது. வாசல்வரை வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, பொதுப் பாதுகாப்பு அல்லது வசதியை முன்னிட்டோ சாலையின் தன்மையை முன்னிட்டோ ஒரு சாலையில் வாகனங்களைத் தடைசெய்ய மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்த அலுவலருக்கும் உரிமை தருகிறது. அரசிதழில் அறிவிக்க வேண்டும் என்பது பொது விதி. அதே பிரிவின் காப்புரை, அதாவது பொது விதிக்கு விலக்குச் சொல்லும் பகுதி, தடை ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அரசிதழ் அறிவிப்பு வேண்டியதில்லை என்றும், சூழ்நிலை இடம் தரும் அளவுக்கு உள்ளூரில் விளம்பரப்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. கூடவே, தடை விதிக்கும்போது பொருத்தமான இடங்களில் போக்குவரத்துக் குறிப்பலகைகள் வைக்கப்பட வேண்டும் என்பதும் அங்கே இருக்கிறது. குழாய்ப் பணிக்காக ஒரு குறுக்குத் தெருவை அடைப்பது பெரும்பாலும் சில நாள்கள் அல்லது சில வாரங்களுக்குத்தான்; அதனால் அது இந்தக் காப்புரைக்குள் விழுகிறது. உள்ளூர் விளம்பரம் வேண்டும் என்பது உறுதி. எத்தனை நாள் முன்னால், யார் கையால், துண்டறிக்கையாகவா ஒலிபெருக்கியிலா வாசலில் ஒட்டியா என்பதையெல்லாம் அந்தப் பிரிவு ‘சூழ்நிலை இடம் தரும் அளவு’ என்ற சொற்களுக்குள் விட்டுவிடுகிறது. நான்கு நாள் அவகாசம் இருந்தும் ஒரு தாள்கூட ஒட்டாததைச் சூழ்நிலை இடம் தராததாகக் கொள்ள முடியாது என்பது என் கருத்து. அது கருத்துதான், தீர்ப்பு அல்ல.

இன்னொரு பக்கம் நகராட்சிச் சட்டங்கள் இருக்கின்றன. சென்னைக்கு நெடுங்காலம் 1919-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் இருந்தது. 1998-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023-இல்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பழைய நகராட்சிச் சட்டங்களின் மரபைப் பார்த்தால், தெருவில் வேலை நடக்கும் இடத்தைச் சுற்றித் தடுப்பு அமைக்க வேண்டும், இரவில் விளக்கு வைக்க வேண்டும், அருகிலுள்ள கட்டடங்களுக்குச் சேதம் வராமல் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பவை அழுத்தமாகச் சொல்லப்பட்டிருக்கும். யாரும் பள்ளத்தில் விழுந்து சாகக் கூடாது என்ற கவலை அந்த வாசகங்களில் இருக்கிறது. குடியிருப்பவர் முந்தின நாளே தம் வேலைகளை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற கவலை அவ்வளவாக இல்லை. சாலைப் பணிகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் பேராயம் (ஐ.ஆர்.சி.), வேலை நடக்கும் இடங்களில் போக்குவரத்தைக் கையாள்வதற்கென்று எஸ்.பி. 55 என்ற வழிகாட்டியை 2001-இல் வெளியிட்டு, 2014-இல் திருத்தியிருக்கிறது. முன்னெச்சரிக்கைப் பகுதி, திரும்பும் பகுதி, பணி நடக்கும் பகுதி, முடியும் பகுதி என்று பிரித்து, எந்தப் பலகையை எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டும் என்று அது விவரமாகச் சொல்கிறது. நல்ல ஆவணம். ஆனால் அது வழிகாட்டி. ஒப்பந்த ஆவணத்தில் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கப்படும்போதுதான் ஒப்பந்ததாரரைக் கட்டுப்படுத்தும் பல் அதற்கு முளைக்கிறது. தவிர, பலகை என்பது தெருவுக்குள் வண்டியோடு வந்துவிட்டவனுக்கான செய்தி. உங்கள் அம்மாவுக்கு வேண்டியிருந்தது திங்கட்கிழமை மாலையில் தெரியவேண்டிய செய்தி.

சொல்ல வேண்டியவர் யார் என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. தோண்டுவது ஒரு நிறுவனம்; சாலைக்குச் சொந்தக்காரர் மாநகராட்சி; வண்டிகளை நிறுத்தவும் திருப்பிவிடவும் அதிகாரம் பெற்றது போக்குவரத்துக் காவல். இம்மூவருக்குள்ளும் தாள் முறையாகவே போய்வருகிறது. தோண்டுபவர் மாநகராட்சிக்கு எழுதுவார், மாநகராட்சி காவல்துறையின் தடையின்மைச் சான்றைக் கேட்கும், சான்று வந்ததும் அனுமதி கிடைக்கும். மூவர் கையிலும் தகவல் இருப்பதால் மூவரும் அடுத்தவர் மக்களிடம் சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொள்வார்கள். அனுமதித் தாளைப் பிரித்துப் பார்த்தால் தெருவின் பெயர், வெட்டும் நீளம், அகலம், தார்ச் சாலையா கான்கிரீட்டா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எவ்வளவு கட்டணம் என்று எல்லாம் இருக்கும். ‘குடியிருப்பவர்களுக்குத் தெரிவித்த தேதி’ என்று ஒரு கட்டம் இருக்காது. நான் பணியில் இருந்த காலத்தில் கையெழுத்திட்ட நூற்றுக்கணக்கான தாள்களில் அப்படி ஒரு கட்டத்தைக் கண்டதில்லை. கட்டம் இல்லாத வேலையை அலுவலகம் செய்யாது. 2023 மார்ச் 22 அன்று மத்திய அரசு, தோண்டுவதற்கு முன் அழைக்கச் சொல்லும் ஒரு செயலியைத் தொடங்கிவைத்தது. தோண்டப் போகிறவர் அதில் பதிந்தால், கீழே கேபிளும் குழாயும் வைத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும். மிகத் தேவையான ஏற்பாடு அது. மண்ணுக்குள் கிடக்கும் கேபிளுக்காக இவ்வளவு யோசிக்க முடிந்தால், மண்ணுக்கு மேலே குடியிருப்பவருக்காகவும் யோசிக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் ஊரில் இது நடக்காத காரியம் அல்ல என்பதற்கு மின்வாரியத்தைப் பாருங்கள். பராமரிப்புப் பணிக்காக ‘நாளை மின்தடை’ என்ற செய்தி, துணைமின் நிலையத்தின் பெயர், தெருக்களின் பெயர்கள், காலை 9 முதல் மதியம் 2 வரை என்ற நேரம் எல்லாவற்றோடும் நாளிதழில் வருவது தமிழ்நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதைப் படித்துவிட்டு மாவு அரைத்து வைத்துக்கொள்கிறோம், மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம். அது மட்டும் ஒழுங்காக நடப்பதற்குக் காரணம் எளியது: மின்சாரத்தை நிறுத்துபவரும் அறிவிப்பவரும் ஒரே அலுவலகம். யாருடைய அனுமதிக்கும் அது காத்திருப்பதில்லை, யார் மீதும் பழியைத் தள்ள முடியாது. சாலை அடைப்பில் மூன்று கைகள் இருக்கின்றன. அந்த மூன்றில் ஒன்றைச் சுட்டிக்காட்டி ‘நீதான் சொல்ல வேண்டும்’ என்று எழுதிவைக்காதவரை, பெரிய சாலைகளுக்கு மட்டும் போக்குவரத்துக் காவலின் ‘போக்குவரத்து மாற்றம்’ அறிவிப்பு வந்துகொண்டிருக்கும். குறுக்குத் தெருக்கள் அந்தப் பட்டியலில் வராது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக முதன்மைச் சாலைகளில் செய்யப்படும் மாற்றங்களுக்கு வரைபடத்தோடு அறிவிப்பு வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே அக்கறை உள்தெருவுக்குக் கிடைப்பதில்லை, ஆனால் உள்தெருவில்தான் மாற்றுவழியே இல்லாத வீடுகள் இருக்கின்றன.

இதை எழுத்தில் வைத்த ஊர் என்றால் இங்கிலாந்தைச் சொல்லலாம். அங்கே நான் வேலை பார்த்ததில்லை, விதிகளைப் படித்திருக்கிறேன். 1991-ஆம் ஆண்டின் தெருப்பணிகள் சட்டத்தின் கீழ், பத்து வேலை நாள்களுக்கு மேல் நீளும் பணி அல்லது சாலையை அடைக்க ஆணை தேவைப்படும் பணி பெரிய பணி எனப்படும். அதற்கு மூன்று மாதம் முன்பே சாலை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். நான்கு முதல் பத்து நாள் ஆகும் பணிக்குப் பத்து வேலை நாள், மூன்று நாளுக்குள் முடியும் பணிக்கு மூன்று வேலை நாள். உடனடிப் பணி என்றால் தொடங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆக, அவசரம் என்பதுகூட அறிவிப்பிலிருந்து தப்பிக்கும் வழி ஆவதில்லை, அறிவிப்பின் நேரம்தான் மாறுகிறது. சாலையைத் தற்காலிகமாக அடைக்கும் ஆணையை, அது பிறப்பிக்கப்படுவதற்கு ஏழு நாளாவது முன்னால் உள்ளூர் நாளிதழில் வெளியிட வேண்டும். பள்ளம் தோண்டிய இடத்தில் எந்த நிறுவனம், எந்தத் தொலைபேசி எண் என்று பலகை இருக்க வேண்டும். அங்கேயும் மக்கள் சலித்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள். ஆனால் எவ்வளவு நேரம் அடைக்கிறாயோ அவ்வளவு முன்னால் சொல் என்ற அந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது, அது இங்கேயும் பொருந்தும்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த ஐந்தாம் ஆண்டு, ஓர் உள்தெருவில் குடிநீர்க் குழாய் மாற்ற வேண்டியிருந்தது. நான் பணியாற்றிய அலுவலகத்தில் எல்லா அனுமதிகளும் சரியாக வாங்கப்பட்டிருந்தன. காலை ஆறு மணிக்கு ஜேசிபியோடு போய் இறங்கினோம். நாலாவது வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது; அதில் கட்டிய மாவிலை வாடிப்போய் இருந்தது, மஞ்சள் துணியின் முடிச்சு அப்படியே இருந்தது. மறுநாள் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். வாழைமரம் ஏற்றிய வண்டி பேரிகேடுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா சத்தம் போடவில்லை. பத்திரிகை ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு, “ஒரு வாரமா பந்தக்கால் வாசல்ல நிக்குது சார். உங்க ஆளுங்க யாராவது ஒருத்தர் இந்தப் பக்கம் நடந்து வந்திருந்தா போதும்” என்றார். வேலையை மூன்று நாள் தள்ளிப்போட்டோம். தள்ளிப்போட்டதில் எந்தக் குடியும் மூழ்கவில்லை. அனுமதித் தாளில் அந்தத் தெரு வெறும் 140 மீட்டர் நீளம்தான்.

முன்னறிவிப்பு என்றால் நாம் சொல்வது என்றே அதுவரை நினைத்திருந்தேன். வாசலுக்குப் போய்ச் சொல்லும்போது அவர்களும் திருப்பிச் சொல்வார்கள் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வேலைக்கு ஏழு நாள் முன்பு மேஸ்திரியோடு வீடு வீடாக நடந்தேன். நாற்பது வீட்டுத் தெருவுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பன்னிரண்டாம் எண்ணில் நிறைமாதக் கர்ப்பிணி, பதினேழில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கும் பெரியவர், முனைக் கடைக்கு வியாழக்கிழமை சரக்கு வண்டி, கடைசி வீட்டில் சொந்தக் கிணறு இல்லாததால் இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் லாரி என்று குறித்துக்கொள்வோம். எந்த முனையிலிருந்து தோண்டத் தொடங்குவது, எந்த வாசலுக்கு முன் இரும்புத் தகடு போடுவது, எந்த நாளில் பள்ளத்தைத் திறக்காமல் இருப்பது என்பதையெல்லாம் அந்தக் குறிப்புதான் தீர்மானித்தது. வரைபடத்தில் இல்லாத, வேறு எந்த ஆய்விலும் கிடைக்காத தகவல் அது. டயாலிசிஸ் நோயாளி ஒருவர் இருக்கிறார் என்று உங்கள் தெருவில் வேலை செய்த பொறியாளருக்குத் தெரிந்திருந்தால் அவர் வேண்டுமென்றே செவ்வாய்க்கிழமை அடைத்திருக்க மாட்டார். தெரிந்துகொள்ள அவர் நடந்து வரவில்லை. குறை அங்கே இருக்கிறது.

அலுவலகங்கள் தயங்குவதற்கும் காரணம் உண்டு. சொன்ன தேதியில் வேலை தொடங்குவது எங்களுக்கே நிச்சயமில்லாதது. முந்தின தெருவில் ஊற்றுநீர் அதிகம் வந்து இறைத்துத் தீராமல் போகலாம், ஜேசிபி பழுதாகலாம், மழை வரலாம். சென்னையில் வடகிழக்குப் பருவமழையின்போது சாலை வெட்டுக்கே தடை விதிக்கிறார்கள். அந்தத் தேதிக்கு முன் முடிக்கும் அவசரத்தில் ஒரே நேரத்தில் பல தெருக்களைத் திறப்பார்கள். சொல்லிவிட்டு வராமல் இருந்தால் ஏச்சு விழும் என்பதால் சொல்லாமலே வந்துவிடுவது சிலருக்கு எளிதாகத் தெரிகிறது. இது தவறான கணக்கு. தேதி தள்ளிப்போனதற்காக என்னைத் திட்டியவர்கள் உண்டு. ஆனால் முன்பே சொன்ன தெருவில் எங்கள் ஆட்களை வேலை செய்யவிடாமல் தடுத்தவர்கள் ஒருவர்கூட இல்லை. என் அனுபவம் ஒரு நகரத்தின் சில வார்டுகளோடு நிற்பது. எல்லா ஊருக்கும் இப்படியே என்று சொல்ல மாட்டேன். நடைமுறையில் இரண்டு தடவை சொல்வதே பலன் தருகிறது: ஏழு நாள் முன்பு உத்தேசத் தேதியோடு ஒரு தாள், வேலைக்கு முந்தின மாலை வீடு வீடாக ஒரு சொல். அந்தத் தாளில் ‘பணி நடைபெறுவதால் ஒத்துழைப்பு நல்கவும்’ என்று மட்டும் எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, இருசக்கர வாகனம் போகுமா, கார் வைத்திருப்பவர்கள் முந்தின இரவே எங்கே கொண்டுபோய் நிறுத்தலாம், தண்ணீர் வருமா, கழிவறையைப் பயன்படுத்தலாமா, கேள்வி இருந்தால் எந்த உதவிப் பொறியாளரை எந்த எண்ணில் அழைப்பது என்பவை இருந்தால் போதும். அரைப்பக்கத்துக்கு மேல் வராது.

நீங்கள் இப்போது என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். மாநகராட்சியின் 1913 எண்ணிலும் குடிநீர், கழிவுநீர் வாரியத்தின் 1916 எண்ணிலும் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ‘சாலையை ஏன் அடைத்தீர்கள்’ என்று கேட்டால் ‘பொதுநலப் பணி’ என்று பதில் வந்து முடிந்துவிடும். ‘சாலை வெட்டு அனுமதி எந்தத் தேதியில் வழங்கப்பட்டது, உள்ளூர் விளம்பரம் எந்தத் தேதியில் எந்த வகையில் செய்யப்பட்டது’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு அதே இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்கலாம். அனுமதித் தாள், காவல்துறைச் சான்று, பணி ஆணை மூன்றின் நகலும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தச் சட்டம் ஆவணத்தை மட்டுமல்ல, நடக்கும் பணியையே நேரில் பார்வையிடும் உரிமையையும் தருகிறது என்பது பலருக்குத் தெரியாது. பொதுமக்களைப் பாதிக்கும் முடிவுகளைத் தொடர்பான விவரங்களோடு அதிகாரிகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு சொல்வதையும் மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நடந்துபோனதற்கு இழப்பீடு கிடைக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அனுமதியின் நிபந்தனைகளில் ‘குடியிருப்பவர்களுக்குத் தெரிவித்த தேதி’ என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி உங்கள் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் கோரிக்கை வைக்கலாம்; என் கணிப்பில் இழப்பீட்டைவிட அந்த ஒரு வரியால் அதிகம் பேர் பயன்பெறுவார்கள்.

கடைசியாக, இதை அவசரமாகக் கவனியுங்கள்: உங்கள் தெரு இன்னும் குறைந்தது இரண்டு முறை அடைபடும். இப்போது நடந்தது மெயின் குழாய். அடுத்து ஒவ்வொரு வீட்டின் இணைப்பையும் புதிய குழாய்க்கு மாற்றக் குறுக்கே வெட்டுவார்கள். அதற்கடுத்து, நிரப்பிய மண் அமர்ந்த பிறகு சாலை போடுவதற்காக அடைப்பார்கள். சாலை போடுவது வேறு அலுவலகம், வேறு ஒப்பந்ததாரர். முதல் இரண்டு முறை சொல்லிவைத்தது அவர்களுக்குப் போய்ச் சேராது. அதனால் அம்மாவின் டயாலிசிஸ் கிழமைகளையும், வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தையும், திரும்பும் நேரத்தையும், வீட்டு எண்ணையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஒரு பிரதியை இப்போது வேலை செய்யும் மேஸ்திரியிடமும், ஒன்றை உதவிப் பொறியாளரிடமும், ஒன்றை மாநகராட்சியின் வார்டு பொறியாளரிடமும் கொடுத்துவிடுங்கள். மேஸ்திரியைத்தான் முதலில் பாருங்கள். காலையில் எந்த இடத்தில் வாளியை இறக்குவது என்று ஜேசிபி ஓட்டுநருக்குக் கைகாட்டுபவர் அவர். எந்த முனையிலிருந்து தொடங்கப் போகிறார் என்று அவரிடம் கேளுங்கள். வீடு தெருவின் நடுவுக்குக் கிழக்கே இருந்தால் மேற்கு முனையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பள்ளம் உங்கள் வாசலை எட்டும்வரை கிழக்கு முனை வழியாக வண்டி வீட்டு வாசலுக்கே வரும். வாசலை எட்டும் நாள் டயாலிசிஸ் நாளாக இருந்தால், அன்று காலை அம்மா கிளம்பிய பிறகு தோண்டி, மாலையில் அவர் திரும்புவதற்குள் தகடு போட்டு மூடிக் கொடுக்க முடியும். இதை நான் செய்திருக்கிறேன். கூடுதலாக ஆனது அரை மணி நேரமும் இரண்டு இரும்புத் தகடுகளும்தான்.